கிடா ஏறவில்லையா? கேட்டவர்களுக்குப் பதில்

குலசேகரம்: என் தலைச்சேரி இனக் கிடா ஒரு மாதமாகப் பெட்டைகளைத் திரும்பியே பார்க்கவில்லை. மெடிக்கலில் மாத்திரை ஏதும் உண்டா?

மாத்திரையும் வேண்டாம், ஹார்மோன் ஊசியும் வேண்டாம். டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோனை வெளியிலிருந்து ஏற்றினால் மூளை விரைக்குக் கொடுக்கிற உத்தரவு குறைந்துவிடும், விந்து உற்பத்தி படுத்துவிடும், அப்புறம் கிடா ஏறினாலும் ஆடு சினை பிடிக்காது. முதலில் பின்கால் குளம்பைத் தூக்கிப் பாருங்கள். ரப்பர் தோட்டத்து ஈரத்திலேயே நின்று குளம்பிடுக்கு அழுகி நாற்றமடிக்கும், அந்த வலியோடு எப்படி எழும்பி ஏறும்? கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், வெளிறியிருந்தால் பெரும்பாலும் குடற்புழு. விரை இரண்டையும் கையில் பிடித்துப் பாருங்கள்: ஏறக்குறைய ஒரே அளவில், கெட்டியாக, பைக்குள் நழுவி நகர வேண்டும். ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள், புருசெல்லா என்கிற கிருமியாக இருக்கலாம், அது மனுஷருக்கும் தொற்றும். இதெல்லாம் சரியாக இருந்தால் பெட்டைகளைக் கவனியுங்கள். பெட்டைக்கு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறைதான் பருவம், அதுவும் ஒன்றரை நாள் நின்றால் பெரிது. சினையான ஆட்டைக் கிடா சீண்டாது.

தக்கலை: தன் தாடியிலேயே மூத்திரம் பெய்கிறது, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறது. நோயா?

இல்லை, நல்ல கிடா. அந்த வாடைதான் பெட்டையை இழுக்கும். உதட்டைச் சுருட்டுவது பெட்டையின் மூத்திர வாடையை அண்ணத்துக்கு மேலே இருக்கிற தனி மோப்ப உறுப்புக்கு ஏற்ற. சோப்புப் போட்டுக் குளிப்பாட்டாதீர்கள்.

தோவாளை: நன்றாக ஏறுகிறது, ஆனால் ஒரு ஆடும் சினையாகவில்லை.

வேகம் வேறு, விந்து வேறு. விரை உடம்புச் சூட்டைவிட நாலைந்து டிகிரி குளிர்ந்திருந்தால்தான் விந்து ஒழுங்காக உருவாகும். தகரக் கொட்டகைச் சூடோ கடுங்காய்ச்சலோ கெடுத்துவிட்டால், ஆசை அப்படியே இருந்தாலும் நல்ல விந்து திரும்ப இரண்டு மாதம் ஆகும். நிழல் கொடுங்கள், பொறுத்திருங்கள். ஊசி போடாதீர்கள்.

அருமனை: பெட்டைக்குட்டி என்று வளர்த்தது ஒன்பது மாதத்தில் கிடா மாதிரி மற்ற ஆடுகள்மேல் ஏறுகிறது. சினைக்கு வரவே இல்லை. தாயும் தகப்பனும் கொம்பில்லாதவை.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கொம்பில்லாத மரபணுவை இரு பக்கமும் வாங்கிய பெட்டைக்குட்டி இரண்டும்கெட்டானாகப் பிறக்கும். வெளியில் பெட்டைபோலத் தெரிந்தாலும் சினைப்பை ஒழுங்காக வளராது, வாலடியில் கூர்ந்து பார்த்தால் பெண்குறியின் கீழ்முனை புடைத்து நிற்கும். 2001-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அந்த மரபணுக் குறையையே கண்டுபிடித்துவிட்டார்கள். இது சினையாகாது, வைத்தியமும் கிடையாது.

மார்த்தாண்டம்: ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து கொம்பில்லாக் கிடாதான். ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் பெட்டைகளுக்குக் கொம்பு உண்டா? இருந்தால் ஒன்றும் ஆகாதுதான். ஒரு பக்கம் கொம்பு இருந்தால் எந்தக் குட்டிக்கும் அந்த மரபணு இரட்டையாகச் சேராது. இரண்டு பக்கமும் மொட்டையாக இருந்து, ஆளுக்கு ஒற்றை மரபணு என்றாலே எட்டில் ஒரு குட்டி இப்படிப் போகும். கிடாக்குட்டிகள் அனேகமாகத் தப்பிவிடுவதால் ஆட்களுக்கு விஷயம் பிடிபடுவதில்லை. கொம்பில்லாதது சாதுவாக இருக்கும் என்று சந்தையில் தேடித்தேடி வாங்குகிறோம், நாலு வருடத்தில் கூட்டமே மொட்டையாகிவிடுகிறது.

கருங்கல்: கிடாவுக்கு வீரிய ஊசி எது நல்லது?

முதல் பதிலைப் படியுங்கள்.

கொல்லங்கோடு: எத்தனை கோழிக்கு ஒரு சேவல்?

பத்துக்கு ஒன்று. ஒருமுறை மிதித்தாலே ஒரு வாரத்துக்கு மேல் கருமுட்டை வரும்.

இரணியல்: பன்றி ஆணுக்கு...

பன்றி நான் வளர்த்ததில்லை. மருத்துவரைக் கேளுங்கள்.

மார்த்தாண்டம்: சரி, பெட்டைகளுக்கும் கொம்பில்லை, ஆனால் சில குட்டியிலேயே கொம்பு முளைக்கிற இடத்தைச் சுட்டவை என்று விற்றவர் சொன்னார். எப்படி நம்புவது?

சுட்டது கொம்பு ஜாதிதான், பயமில்லை. சுட்ட இடத்தில் முடி முளைக்காத தழும்பு இருக்கும், தடவிப் பாருங்கள். இனிப் பிறக்கும் குட்டிகளுக்கு ஈரம் காய்வதற்குள் நெற்றி முடியைப் பாருங்கள்: கொம்பு வருகிற இரண்டு இடத்திலும் தனித்தனியாகச் சுழி இருந்தால் கொம்புக் குட்டி. அதில் ஒரு கிடாக்குட்டியை எடுத்துவையுங்கள். உங்கள் ஆடுகளுக்கு வேண்டாம், அது தன் அக்கா தங்கைமேலேயே ஏறும், அருமனைக்காரருக்குக் கொடுங்கள்.