ஃபக்லி என்றால் என்ன? அலுவலக சாட்டில் எழுதலாமா?

கேள்வி: நான் போட்ட ஒரு ஸ்லைடைப் பார்த்துவிட்டு, உடன் வேலை செய்பவர் குழு சாட்டில் ‘ஃபக்லி’ என்று எழுதினார். அக்லி என்பதைத் தப்பாக டைப் செய்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். மற்றவர்கள் சிரித்ததைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அர்த்தம் என்ன? நானும் பயன்படுத்தலாமா?

எழுத்துப்பிழை இல்லை, தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் எஃப் என்ற எழுத்தில் தொடங்கும் அந்தக் கெட்ட வார்த்தை உங்களுக்குத் தெரியும், அதையும் அக்லியையும் ஒட்டிச் செய்ததுதான் ஃபக்லி. ஸ்மோக்கையும் ஃபாகையும் சேர்த்து ஸ்மாக் என்று 1905 வாக்கில் புழக்கத்துக்கு வந்ததே, பிரேக்ஃபாஸ்டும் லஞ்சும் சேர்ந்து பிரஞ்ச் ஆனதே, அதே முறைதான். ‘ஃபேட்’, ‘அக்லி’ இரண்டும் சேர்ந்தது என்று சிலர் மரியாதையாக விளக்கம் சொல்வார்கள். அதை நம்பி நாலு பேர் முன்னால் சொல்லிவிடாதீர்கள், கேட்பவர் காதில் விழுவது கெட்ட வார்த்தைதான். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேச்சில் பரவிய சொல் இது, அகராதிகளும் கொச்சை என்று குறிப்புப் போட்டுத்தான் தருகின்றன.

பொருள் என்று பார்த்தால், சகிக்க முடியாத அளவுக்கு அவலட்சணம். தமிழில் ‘கண்றாவியா இருக்கு’ என்று சொல்லும்போது வரும் எரிச்சல் இதிலும் இருக்கிறது, ஆனால் கண்றாவியை வீட்டில் பெரியவர்கள் முன்னால்கூடச் சொல்லிவிடலாம், இதைச் சொல்ல முடியாது.

அக்லியின் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அது இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, அங்கே ‘உக்ர்’ என்றால் அச்சம். 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அக்லி என்றால் பார்த்தாலே நடுங்க வைப்பது என்றுதான் பொருள், வெறுமனே அழகில்லாதது என்று தேய்ந்தது அதற்கப்புறம்தான். அந்தப் பழைய பயம் முழுசாகப் போய்விடவில்லை. ஒரு கூட்டத்தில் வாக்குவாதம் முற்றி அடிதடிக்குப் போகும் நிலை வந்தால் ‘திங்ஸ் டர்ன்ட் அக்லி’ என்கிறார்கள், அங்கே யாருடைய முகத்தைப் பற்றியும் பேச்சே இல்லை. படு விகாரமானதைக் குறிக்கும் ஹிடியஸ் என்ற சொல்லும் இப்படித்தான், பழைய பிரெஞ்சில் பயத்தைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. நம் ‘கோரம்’ மட்டும் என்னவாம்? கோரமான முகம் என்றும் சொல்கிறோம், கோர விபத்து என்றும் எழுதுகிறோம்.

விகாரத்தைச் சொல்லும் இன்னொரு ஆங்கிலச் சொல்லான க்ரொடெஸ்க் மட்டும் வேறு வழியில் வந்தது. கி.பி. 64இல் ரோம் நகரம் எரிந்த பிறகு நீரோ கட்டிய பொன் மாளிகை பின்னாளில் மண்ணுக்குள் புதைந்து, 1480 வாக்கில் மறுபடி கண்ணில் பட்டது. கயிறு கட்டி உள்ளே இறங்கிய ஓவியர்கள், பாதி மனிதனும் பாதி விலங்கும் கொடியுமாகப் பின்னிய சுவர் ஓவியங்களைப் பார்த்தார்கள். இத்தாலிய ஓவியர் ரஃபேல் அந்தப் பாணியை வத்திக்கான் வரை கொண்டுபோனார். அந்த அறைகள் குகை மாதிரி இருந்ததால், குகைக்கான இத்தாலியச் சொல்லான ‘க்ரோட்டா’விலிருந்து அந்த ஓவியங்களுக்குப் பெயர் வந்தது. முதலில் அது அலங்காரப் பாணியின் பெயர்தான், உருவம் திரிந்து விகாரமாக இருப்பது என்ற அர்த்தம் பிறகு ஒட்டிக்கொண்டது.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அலுவலக சாட்டில் வேண்டாம், மின்னஞ்சலில் வேண்டவே வேண்டாம். நெருங்கிய நண்பர்களோடு ஒரு சட்டையையோ கட்டடத்தையோ பற்றிப் பேசும்போது வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். ஒருவருடைய முகத்தையோ உடம்பையோ பார்த்து யாரிடமும் சொல்லாதீர்கள், அது விமர்சனம் இல்லை, வசவு. டிசைன் நன்றாக இல்லை என்று சொல்லவேண்டியிருந்தால் ‘அன்அட்ராக்டிவ்’ கூட அரைகுறைதான், ‘கிளட்டர்ட்’ (நெரிசலாக இருக்கிறது) என்றோ எழுத்தும் பின்னணி நிறமும் மோதுகின்றன என்றோ எழுதினால் எதிரில் இருப்பவருக்கு எதைத் திருத்தவேண்டும் என்றாவது தெரியும்.

அதையே உங்கள் சக ஊழியரிடமும் கேளுங்கள். ‘எது சரியில்லை, நிறமா, எழுத்தா, நெரிசலா?’ என்று அதே சாட்டில் ஒரு வரி போட்டால் போதும்.