நீர் தேங்கும் நிலத்தில் கடம்பு வளருமா?

கேள்வி: செங்கோட்டையை அடுத்த புளியரையில், வீட்டின் பின்புறம் முன்பு நஞ்சையாக இருந்த 15 சென்ட் நிலம் இருக்கிறது. சாரல் தொடங்கிவிட்டால் வாய்க்கால் நீர் கசிந்து தேங்கி நிற்கும். அங்கே விரைவில் வளர்ந்து நிழலும் பூவும் தரும் பெரிய மரம் ஒன்றை வளர்க்க விரும்புகிறோம். ஈர மண்ணுக்குக் கடம்பு ஏற்றது என்று சொன்னதால் இரண்டு கன்றுகள் நட்டோம். இரண்டுமே வேர் அழுகிப் பட்டுப்போயின. வேறு மரம் பார்க்க வேண்டுமா?

பதில்: மரத்தை மாற்றுவதற்கு முன்பு, நீங்கள் நட்டது எந்தக் கடம்பு என்பதைப் பார்க்க வேண்டும். தமிழில் கடம்பு என்ற பெயர் நான்கு மரங்களுக்காவது வழங்குகிறது. நாற்றங்கால்களிலும் இந்தக் குழப்பம் உண்டு. எதிரெதிராக அமைந்த, நரம்புகள் எடுப்பாகத் தெரியும் பெரிய நீள்வட்ட இலைகளும், வெண்ணிற இழைகள் சிலிர்த்து நிற்கும் மஞ்சள் பந்து போன்ற பூவும் கொண்டது வெண்கடம்பு. இலை இதய வடிவில் இருந்தால் அது மஞ்சள்கடம்பு. கிளை நுனியில் இலைகள் கொத்தாக இருந்து, சிவந்த பூக்கள் சரம் சரமாகத் தொங்கினால் அது செங்கடம்பு. நான்காவதான நீர்க்கடம்பின் இலையும் பூவும் வெண்கடம்பினுடையவற்றைவிடச் சிறியவை. விரைவில் வளரும் பெரிய மரம் என்று உங்களிடம் சொன்னவர்கள் வெண்கடம்பையே கருதியிருப்பார்கள். நல்ல மண்ணில் அது முதல் சில ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 6 முதல் 10 அடி வரை உயரும். நான்கைந்து ஆண்டுகளில் பூக்கவும் தொடங்கும்.

வெண்கடம்புக்கு மலையாளத்தில் ஆற்றுத்தேக்கு என்ற பெயரும் உண்டு. அந்தப் பெயரிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. ஆற்றங்கரை வண்டலில் வளரும் மரம் அது. வெள்ளம் வந்து சில நாட்கள் நின்று வடிந்தால் தாங்கிக்கொள்ளும். ஆனால் காற்றோட்டமில்லாத களிமண்ணில், மேலே எவ்வளவு நீர் இருந்தாலும், அதன் வேர் மூச்சுத் திணறித் தேய்ந்துபோகும். பல ஆண்டுகள் தொளி உழவு (நீர் நிறுத்திச் சேறாக்கி உழுவது) கண்ட நஞ்சையில் மேல்மண்ணுக்குக் கீழே இறுகிய ஓர் அடுக்கு உருவாகியிருக்கும். நீர் அதன்மேல் தேங்கி நிற்கும். உங்கள் கன்றுகள் அழுகியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இதை உறுதிசெய்ய, மழை ஓய்ந்த ஒரு வாரத்தில் இரண்டடி ஆழக் குழி வெட்டி மண்ணைப் பாருங்கள். நீலம் கலந்த சாம்பல் நிறமும் அழுகிய முட்டை நாற்றமும் இருந்தால் அங்கே காற்று இறங்கவில்லை. பழைய வேர்த்தடங்களை ஒட்டித் துருநிறக் கோடுகள் தெரிந்தால், நீர் வடியும்போது காற்று உள்ளே போய்வருகிறது என்று கொள்ளலாம். அத்தகைய இடத்தில் வெண்கடம்பைத் தயங்காமல் நடலாம். முதல் வகை மண்ணாக இருந்தால், நீரை வடிக்க ஒன்றரை அடி ஆழக் கால்வாய் வெட்டி அதை வாய்க்காலின் தாழ்ந்த பக்கம் சேர்க்க வேண்டும். அதற்கு வழியில்லாவிட்டால் வெண்கடம்பை விட்டுவிட்டுச் செங்கடம்பை நடுங்கள். அது தேங்கிய நீரிலும் நிலைக்கும். வளர்ச்சியில் மெதுவானது, உயரமும் குறைவு; ஆனால் இரவில் மலர்ந்து விடியலில் உதிரும் அதன் பூக்கள் தண்ணீரின்மேல் சிவப்பாகப் பரவிக் கிடப்பதைப் பார்த்தால் அந்தக் குறை பெரிதாகத் தோன்றாது.

வெண்கடம்பை நடுவதானால் குழியில் இறக்காமல், ஒன்றரை அடி உயரமும் ஐந்தடி அகலமும் உள்ள மண்மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். தென்மேற்குச் சாரல், வடகிழக்கு மழை இரண்டையும் காணும் உங்கள் ஊரில் ஜனவரி நடுப்பகுதி ஏற்ற காலம். நீர் வடிந்திருக்கும், அடுத்த சாரலுக்கு முன்பு வேர் பிடிக்க ஐந்து மாதமும் கிடைக்கும். ஆனால் இளங்கன்று வறட்சி தாங்காது என்பதால், மார்ச் முதல் மே வரை வாரம் இருமுறை நீர் ஊற்ற வேண்டும். விதை மிக நுண்ணியது. வீட்டில் முளைக்கவைக்க முயல வேண்டாம். பையில் வேர் சுருளாத, இரண்டடி உயரக் கன்றை வாங்கினால் போதும். நுனியைக் கிள்ள வேண்டாம்; பக்கக் கிளைகளைத் தானே உதிர்த்துக்கொண்டு நேராக உயர்வது அதன் இயல்பு.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வீசும் மேல்காற்றில் கடம்பின் மெத்தென்ற கட்டை எளிதில் முறியும். எனவே வீட்டுக்கு மேற்கே நடாமல், கூரையிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் குறைந்தது 40 அடி தள்ளி, கிழக்குப் பக்கம் நடுவதே நல்லது. அந்தப் பக்கத்தில் அவ்வளவு இடம் இல்லையென்றால், அளவில் அடங்கிய பூமருதைத் தேர்ந்தெடுங்கள். ஊதாப் பூ பூக்கும் அந்த மரமும் ஈரம் தாங்கும்.

இலைகளைச் சுருட்டித் தின்னும் பச்சைப் புழு சில ஆண்டுகளில் வெண்கடம்பை மொட்டையாக்கிவிடும். வளர்ந்த மரம் மீண்டும் துளிர்த்துவிடும், மருந்தடிக்கத் தேவையில்லை. சிறு கன்றாக இருந்தால் மட்டும் சுருண்ட இலைகளைக் கையால் கிள்ளி அழித்துவிடுங்கள்.