பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் குற்றம் போய்விடுமா?

கேள்வி: வீட்டை நீட்டிக் கட்ட வரைபட அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லி, முனிசிபாலிட்டி ஊழியர் ஒருவர் என் மைத்துனரிடம் 8,000 ராண்ட் வாங்கினார். விஷயம் வெளியே வந்ததும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையை ராஜினாமா செய்துவிட்டார். அனுமதி தரும் அதிகாரமே அவருக்குக் கிடையாதாம்! இனி அவரை ஒன்றும் செய்ய முடியாது, தென்னாப்பிரிக்கச் சட்டத்துக்குப் பல் இல்லை என்கிறார்கள் எங்கள் பகுதிப் பெரியவர்கள். உண்மையா? (வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: உண்மையில்லை. உங்கள் பெரியவர்கள் சொல்லும் மூன்று காரணங்களில் ஒன்றுகூட கோர்ட்டில் நிற்காது.

2004-ஆம் ஆண்டின் 12-ஆம் எண் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, அரசு ஊழியர்களுக்கென்றே எழுதப்பட்டது. அதன்படி பணம் கைமாற வேண்டும் என்பதுகூட இல்லை. கேட்டாலே குற்றம், வாங்கச் சம்மதித்தாலே குற்றம். முழுமையாக நடந்து முடிந்த குற்றத்தைத் திருப்பிக் கொடுத்த பணம் அழிக்காது. தண்டனையைத் தீர்மானிக்கும்போது நீதிபதி அதைக் கணக்கில் எடுக்கலாம், அவ்வளவுதான். மாட்டிக்கொண்ட பிறகு கொடுத்த பணத்துக்கு அங்கேயும் பெரிய மதிப்பு இராது.

'அவருக்கு அதிகாரமே இல்லை' என்ற வாதத்தை 25-ஆம் பிரிவு வாசலிலேயே மறிக்கிறது. அந்த வேலையைச் செய்யும் அதிகாரம் எனக்கில்லை, செய்யும் எண்ணமும் இல்லை, கடைசிவரை செய்யவும் இல்லை என்று எதைச் சொல்லியும் தப்ப முடியாது. ராஜினாமாவால் தப்பிப்பது இலாகா விசாரணையிலிருந்து மட்டும்தான். அந்த விசாரணை வேலையைப் பறிப்பதற்கு. குற்ற வழக்கு அந்த ஆள் மீது, அவர் எங்கே போனாலும் தொடரும்.

தண்டனையைப் பார்ப்போம். மாஜிஸ்திரேட் கோர்ட் 5 ஆண்டு வரை, ரீஜனல் கோர்ட் 18 ஆண்டு வரை, ஹைகோர்ட் ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். அதற்குமேல், லஞ்சத் தொகையைப் போல ஐந்து மடங்கு அபராதமும் உண்டு: உங்கள் கணக்கில் 40,000 ராண்ட். தொகை 5 லட்சம் ராண்டைத் தாண்டினால், முதல் குற்றவாளிக்கே 15 ஆண்டுக்குக் குறையாத சிறை என்கிறது 1997-ஆம் ஆண்டின் 105-ஆம் எண் சட்டம். கூட்டுச் சேர்ந்து செய்தால் வரம்பு 1 லட்சம். குற்றவாளி போலீஸ்காரர் என்றால் வெறும் 10,000! வலுவான விசேஷ காரணம் இருந்தால்தான் நீதிபதி அந்த 15 ஆண்டைக் குறைக்க முடியும். இன்னொன்றையும் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அபராதம் கட்டித் தப்பும் வழியில்லாமல் 12 மாதத்துக்கு மேல் சிறைத்தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகும்வரை கவுன்சிலராகவோ எம்.பி.யாகவோ இருக்க முடியாது. இதை அரசியல் சட்டமே சொல்கிறது.

இந்த ஊழல் தடுப்புச் சட்டம் பெரிய இடத்தையும் கடித்திருக்கிறது. நாட்டின் போலீஸ் கமிஷனராகவும் இன்டர்போல் தலைவராகவும் இருந்த ஜாக்கி செலெபிக்கு 2010-இல் 15 ஆண்டு கிடைத்தது இதே 4-ஆம் பிரிவில்தான். ஆனால் அவர் 2012-லேயே மருத்துவ பரோலில் வெளியே வந்தார். 2005-இல் நம் டர்பன் ஹைகோர்ட்டில், அப்போதிருந்த பழைய ஊழல் சட்டத்தின் கீழ் 15 ஆண்டு பெற்ற தொழிலதிபர் ஷபீர் ஷேக்கும் 2009-இல் அதே பரோலில்தான் வீடு திரும்பினார். மக்கள் மனம் வெறுத்துப்போவது இங்கேதான், அந்த வெறுப்பு நியாயமானது. அதற்காகச் சட்டத்துக்குப் பல் இல்லை என்பது தவறு. தண்டனையை நிறைவேற்றுவதில்தான் ஓட்டை.

அதைவிடப் பெரிய ஓட்டை ஆரம்பத்திலேயே இருக்கிறது: யாரும் புகார் கொடுப்பதில்லை, கொடுத்தாலும் கையில் சாட்சியம் இருப்பதில்லை. 1 லட்சம் ராண்டோ அதற்கு மேலோ சம்பந்தப்பட்ட ஊழல் என்று தெரிந்தால், ஏன், தெரிந்திருக்க வேண்டும் என்றாலே, முனிசிபல் மேனேஜர், இலாகாத் தலைவர், கம்பெனி டைரக்டர் போன்றவர்கள் பெரிய ஊழல் குற்றங்களை விசாரிக்கும் போலீசின் ஹாக்ஸ் பிரிவுக்குத் தகவல் தர வேண்டும். தராவிட்டால் 34-ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறை. உங்கள் விஷயத்தில் தொகை அந்த அளவுக்கு இல்லை. ஆகவே முதல் அடியை உங்கள் குடும்பம்தான் எடுத்து வைக்க வேண்டும்.

இங்கேதான் உங்கள் கேள்வி நழுவிப்போகும் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லியாக வேண்டும். லஞ்சம் கொடுத்த மைத்துனரும் அதே 4-ஆம் பிரிவில் குற்றவாளி. அவர் தானாக ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலம் எழுதித் தருவதற்கு முன், ஒரு வக்கீலைப் பார்க்கட்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 204-ஆம் பிரிவில் அரசுத் தரப்புச் சாட்சியாக வர வழியுண்டு. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னார் என்று கோர்ட் திருப்தியடைந்தால், அவர் மீது வழக்கு இராது. முடிவு கோர்ட்டின் கையில். போலீஸ்காரர் வாயால் தரும் உறுதிமொழிக்கு மதிப்பில்லை.

கையில் உள்ளதைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப் செய்திகளை வேறொருவருக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழிப்பதுதான் பலர் செய்யும் தவறு. அந்த போனே சாட்சியம், அதை மாற்ற வேண்டாம். பணம் திரும்பி வந்தது வங்கி வழியாக என்றால் அந்த ஸ்டேட்மென்டை எடுத்து வையுங்கள், அதைவிட நல்ல சாட்சியம் கிடைப்பது அரிது. தான் பேசிய உரையாடலைத் தானே பதிவு செய்வது சட்டப்படி குற்றமில்லை. அப்படி ஏதும் பதிவு இருந்தால் வெட்டாமல் ஒட்டாமல் வக்கீலிடம் கொடுங்கள். அந்த ஊழியர் இன்னொருவரிடம் கேட்பதாகத் தெரிந்தால் நீங்களே பொறி வைக்கப் போகாதீர்கள். பொறி எல்லை மீறினால், அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 252ஏ பிரிவின்படி கோர்ட் அந்தச் சாட்சியத்தையே ஒதுக்கிவிடலாம். அந்த வேலையைப் போலீசிடம் விடுங்கள்.

புகார் பதிவானதும் போலீஸ் தரும் வழக்கு எண்ணான சி.ஏ.எஸ். எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் பின்னால் எதையும் விசாரிக்க முடியாது. ஸ்டேஷனில் எடுக்க மறுத்தால் தேசிய ஊழல் எதிர்ப்புத் தொலைபேசி எண் 0800 701 701 இருக்கிறது. அழைக்கக் கட்டணமில்லை, பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.