உதய்ப்பூர் போகிறவர்கள் கேட்டவை

சென்ற இதழில் ராஜஸ்தானின் உதய்ப்பூரைப் பற்றி நான் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டுப் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். என் கணவருக்கு அங்கே சுரங்கத்தில் வேலை. பதினோரு வருடம் பிச்சோலா ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் குடித்தனம் செய்தேன். என் இரண்டு பிள்ளைகளும் அந்தத் தெருவில்தான் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அந்த உரிமையில் பதில் சொல்கிறேன்.

ஜெய்ப்பூர், ஜோத்பூர், உதய்ப்பூர் மூன்றுக்கும் சேர்த்து ஐந்து நாள் ஒதுக்கியிருக்கிறோம். உதய்ப்பூருக்கு ஒரு பகல் போதுமா? எந்த மாதம் நல்லது? (வாசகர், ஈரோடு)

போதாது. ஒரு ஊரை விட்டுவிட்டு, உதய்ப்பூரில் மூன்று இரவு தங்குங்கள். காலையில் ஒரு நிறம், விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு நிறம் என்று மாறுகிற ஊர் அது. நடுப்பகலில் வந்து இறங்கிச் சாயங்காலம் கிளம்புகிறவர்களுக்கு வெயில் மட்டும்தான் மிஞ்சும்.

டிசம்பர், ஜனவரியில் குளிர் இதமாக இருக்கும். ஆனால் கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசி. மழை ஓய்ந்து ஆரவல்லிக் குன்றுகள் பச்சையாக நிற்கும், நல்ல மழை பெய்த வருடமானால் ஏரியும் தளும்பும். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம்.

ரயிலில் போகிறவர்கள் சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸில் அகமதாபாத் போய், அங்கே அசார்வா நிலையத்தில் உதய்ப்பூர் வண்டி பிடிக்கலாம். அந்தப் பாதை 2022 அக்டோபரில் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது.

அம்மாவுக்கு 72 வயது, மூட்டு வலி. அரண்மனையைச் சுற்றிப் பார்க்க முடியுமா? (வாசகி, கும்பகோணம்)

முழுவதும் முடியாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஏரிக்கரையில் உள்ள சிட்டி பேலஸ் அரண்மனை வெளியிலிருந்து பார்த்தால் அகன்ற ஒரே மாளிகை போலத் தெரியும். உள்ளே போனால் ஆள் மாற்றி ஆள் போகிற அளவுக்குத்தான் வழி. படிகள் செங்குத்து, வாசல்கள் தாழ்வு. எதிரி புகுந்தால் ஒவ்வொருவராகத் தலை குனிந்து வரட்டும் என்று அப்படிக் கட்டியதாகச் சொல்வார்கள். பார்வையாளர்கள் போவது ஒருவழிப் பாதை, பாதியில் திரும்புவதும் கஷ்டம். மேலே பாடி மஹால் என்று மரங்கள் வளர்ந்த ஒரு தோட்டம் இருக்கிறது. அரண்மனையின் உச்சியில் மரம் எப்படி என்று அசந்துபோவோம். அது மொட்டைமாடி இல்லை, குன்றின் தலை. குன்றைச் சுற்றித்தான் அரண்மனையையே கட்டியிருக்கிறார்கள்.

அம்மாவை மாணிக் சௌக் முற்றத்தில் நிழல் பார்த்து உட்காரவையுங்கள். நீங்கள் மட்டும் உள்ளே போய், மோர் சௌக்கின் மூன்று மயில்களையும் அவசரப்படாமல் பாருங்கள். வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிச் செய்தவை, சுவரைவிட்டு முன்னால் தள்ளி நிற்கும். ஜகதீஷ் கோயிலுக்கும் 32 படி ஏற வேண்டும். 1651-இல், உதய்ப்பூரை ஆண்ட மேவார் அரசர் முதலாம் ஜகத் சிங் கட்டிய விஷ்ணு கோயில் அது. சன்னதிக்கு எதிரே பித்தளைக் கருடன் கைகூப்பி உட்கார்ந்திருப்பார். கோயிலின் அடிமேடையைச் சுற்றி யானை வரிசை, அதற்கு மேல் குதிரை வரிசை. அதைப் பார்ப்பதற்காகவாவது அம்மா ஒவ்வொரு படியாக, நின்று நின்று ஏறட்டும். காலை ஏழு மணிக்குப் போனால் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

அம்மாவுக்கு என் யோசனை படகும், சஹேலியோன் கி பாடி தோட்டமும். அரச மகளிருக்காக 18-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சங்க்ராம் சிங் அமைத்தது. நீரூற்றுகள், தாமரைக்குளம், சமதளம். கால் வலிக்காது.

ஏரி நடுவில் உள்ள வெள்ளை மாளிகைக்குள் போகலாமா? (வாசகர், நாகர்கோவில்)

படங்களில் நீங்கள் பார்ப்பது ஜக் நிவாஸ். இரண்டாம் ஜகத் சிங் 1746-இல் கட்டி முடித்தது, 1963 முதல் ஹோட்டல். அங்கே அறை எடுத்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அனுமதி கிடையாது.

சுற்றுலாப் படகு போய் நிற்பது தெற்கே உள்ள இன்னொரு தீவில், ஜக் மந்திரில். அரண்மனையின் ராமேஷ்வர் காட் படித்துறையில் சீட்டு கிடைக்கும். எனக்கு இதுதான் மேலானது. ஷாஜஹான் அரியணை ஏறுவதற்கு முன், இளவரசர் குர்ரமாக இருந்தபோது தந்தை ஜஹாங்கீரை எதிர்த்துக் கிளம்பினார். அப்போது மஹாராணா கரண் சிங் அவருக்கு அடைக்கலம் கொடுத்தது இந்தத் தீவில்தான். 1857 கலவரத்தின்போது ஸ்வரூப் சிங் ஐரோப்பியக் குடும்பங்களை இங்கே பத்திரமாக வைத்திருந்தார். படித்துறையில் கல் யானைகள் வரிசையாக நின்று நம்மை வரவேற்கும்.

பிச்சோலா இயற்கையான ஏரியா, வெட்டியதா? (மாணவி, மதுரை)

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

கரை போட்டுத் தேக்கியது, அம்மா. உன் ஊர்க் கண்மாய் மாதிரிதான். 14-ஆம் நூற்றாண்டில், ராணா லாக்கா காலத்தில், பஞ்சாரா என்ற நாடோடிச் சமூகத்துத் தானிய வியாபாரி ஒருவர் தன் பொதிமாடுகள் ஓடையைக் கடப்பதற்காக அணை போட்டார் என்பது ஊர் வரலாறு. பக்கத்தில் இருந்த பிச்சோலி கிராமத்தின் பெயரே ஏரிக்கும் வந்தது. ஏறத்தாழ இருநூறு வருடம் கழித்து மேவார் அரசர் உதய் சிங் வந்தார். அவருடைய தலைநகரான, ராஜஸ்தானின் சித்தூர்க் கோட்டை பலமுறை முற்றுகையைச் சந்தித்திருந்ததால், சுற்றிலும் மலையும் நடுவில் தண்ணீரும் உள்ள இந்த இடத்தில் 1559-இல் புது ஊருக்கு அடி போட்டார். ஏரியையும் பெரிதாக்கினார். 1568-இல் சித்தூர் அக்பரிடம் விழுந்தபோது இந்த ஊர் இருந்ததால்தான் மேவாருக்குப் போக்கிடம் இருந்தது.

சிசார்மா ஆறு பிச்சோலாவை நிரப்பும். அங்கிருந்து ஸ்வரூப் சாகர் என்ற ஏரி வழியாக ஃபதேசாகர் ஏரி வரை தண்ணீர்த் தொடர்பு இருக்கிறது. நம் ஊர்ச் சங்கிலிக் குளங்களைப் போல. அரண்மனைகளை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். அந்தக் கரைகள் இல்லாவிட்டால் ஊரே இல்லையே!

நாங்கள் இருந்தபோது தொடர்ந்து சில வருடம் மழை பொய்த்தது. பிச்சோலாவின் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. என் மகன் ஏரிக்குள் கிரிக்கெட் ஆடிவிட்டு வருவான், சட்டையெல்லாம் சாம்பல் நிறப் புழுதி. அப்புறம் ஒரு ஆவணி மாதம், ராத்திரி பத்து மணிக்கு, தெருவில் ஒரே சத்தம். தண்ணீர் வருகிறதாம். எதிர்வீட்டுக் கிழவி தட்டில் குங்குமமும் தேங்காயும் எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் நடந்தாள். நானும் கூடப் போனேன். டார்ச் வெளிச்சத்தில் நுரையும் சருகுமாக, ஒரு சாண் உயரத்துக்கு, வெடிப்புகளை நிரப்பிக்கொண்டே வந்தது தண்ணீர். கிழவி குனிந்து அதில் குங்குமத்தைத் தூவினாள். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் நின்ற ஞாபகம் வந்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ போனால், சாயங்காலம் ஃபதேசாகர் கரையில் நட. ஏரிக்கரைக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'பால்'. மழைக்காலத்தில் மதகு திறக்கிற நாளில் ஊரே அங்கே திரளும். சுட்ட சோளக்கதிர் வாங்கிக்கொள்.

கூட்டம் போகாத இடம் ஏதாவது சொல்லுங்கள். (வாசகர், சேலம்)

ஆஹாட் என்ற இடத்தில் மேவார் அரச குடும்பத்தாரின் நினைவு மண்டபங்கள் இருக்கின்றன. வெள்ளைச் சலவைக்கல் கவிகைகள், சின்னதும் பெரியதுமாக. ஊருக்குள்ளேயே இருந்தும் அதிகம் பேர் எட்டிப் பார்ப்பதில்லை.

இன்னொன்று ஜாவர். தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே துத்தநாகத்தை ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிரித்தெடுத்த இடம். அதற்குப் பயன்பட்ட மண் குடுவைகள் கத்தரிக்காய் வடிவத்தில் இருக்கும், ஒரு தடவை சூளையில் வைத்ததும் வேலை முடிந்தது. வீணாக்காமல் அவற்றையே அடுக்கி வீட்டுச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். என் கணவர் என்னைக் கூட்டிப்போய் அப்படி ஒரு சுவரைக் காட்டினார். வட்ட வட்டமாக வாய்கள், உள்ளே கருகிய கசடு. விரலால் தட்டினால் பானை மாதிரி 'டங்' என்றது. கையோடு எடுத்து வந்துவிடாதீர்கள், அது அங்கேயே இருக்க வேண்டியது.

என்ன வாங்கலாம்? ஏமாறாமல் இருக்க வழி? (வாசகி, தஞ்சாவூர்)

நாத்துவாராவின் பிச்வாய்த் துணி ஓவியம், மொலேலா கிராமத்துச் சுடுமண் பலகைகள். இரண்டுமே செய்கிறவர்களைத் தேடிப் போய் வாங்குவது நல்லது. வண்டிக்காரர் கூட்டிப் போகும் கடையில் எங்கள் உறவினர் ஒருவர் 'பட்டு' என்று வாங்கிய புடவை, முதல் அலசலிலேயே சாயம் விட்டுப் பல்லிளித்தது. நீங்களாக நடந்து போய் இரண்டு கடை விசாரியுங்கள்.

சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா? வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். (வாசகர், கோவை)

'தால் பாட்டி' என்று பருப்போடு சுட்ட கோதுமை உருண்டை தருவார்கள், ருசிதான். ஆனால் உருண்டை நெய்யில் தோய்த்தது, வயதானவர்களுக்கு மதியம் ஒன்று போதும். ராத்திரிக்கு மக்காச்சோள நொய்யை மோரில் காய்ச்சிய 'ராப்' கிடைக்கிறதா என்று கேளுங்கள். நம் கம்பங்கூழுக்கு அக்கா தங்கை. பெரிய ஹோட்டல் பட்டியலில் இருக்காது, தங்கும் வீட்டில் முதல் நாளே சொல்லிவைத்தால் சிலர் காய்ச்சித் தருவார்கள். அப்படிக் கிடைத்தால் ஒரு வெங்காயமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.