எந்த வழிகாட்டி நூலை நம்பிப் போவது?

கேள்வி: ஏப்ரலில் கணவர், இரண்டு பிள்ளைகளோடு பத்து நாள் ஜப்பான் போகிறோம். டோக்கியோ, கியோட்டோ, ஹிரோஷிமா மூன்றும் திட்டம். நாங்கள் சைவம். உறவினர் ஒருவர் தன்னிடம் உள்ள 2019-ஆம் ஆண்டு வழிகாட்டி நூலைத் தருகிறேன் என்கிறார். அது போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா? வாங்குவதானால் எது நல்லது? யூடியூப் இருக்கும்போது நூல் எதற்கு என்கிறான் மூத்த மகன்.
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: உறவினர் தரும் நூலை மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். கோயில்களின் வரலாறு, தோட்டங்களின் அமைப்பு, ஹிரோஷிமாவின் கதை ஆகியவற்றைப் புறப்படும் முன் வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். அந்தப் பக்கங்கள் பழசாவதில்லை. ஆனால் அந்த நூலை நம்பி ஒரு டிக்கெட்கூட எடுக்காதீர்கள்.

முதல் காரணம், ஜே.ஆர். எனப்படும் ஜப்பான் ரயில்வேயின் பயணப் பாஸ். 2019-இல் ஜப்பான் போனவர்களுக்கெல்லாம் கிடைத்த அறிவுரை, ‘ஏழு நாள் ஜே.ஆர். பாஸ் வாங்கு’ என்பதுதான். அன்றைக்கு அது சரி. பாஸ் விலை 29,000 யென் சொச்சம். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே கிட்டத்தட்ட அந்தத் தொகை வந்துவிடும். 2023 அக்டோபர் 1 அன்று அதே பாஸை 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். உங்கள் வழியையே கணக்குப் போடுவோம். டோக்கியோ–கியோட்டோ சுமார் 14,000. கியோட்டோ–ஹிரோஷிமா சுமார் 11,000. ஹிரோஷிமா–டோக்கியோ சுமார் 20,000. கூட்டினால் 45,000. பாஸ் எடுத்தால் பெரியவர் ஒருவருக்கு 5,000 யென் வரை கைவிட்டுப் போகும். நகருக்குள் ஜே.ஆர். வண்டிகளில் போய்வருவது அதில் கொஞ்சத்தை ஈடுகட்டலாம், முழுவதையும் அல்ல. பாஸை வைத்துக்கொண்டு வேகமான நொசோமி வண்டியில் ஏறினால் அதற்குத் தனிக் கட்டணமும் கேட்பார்கள். பாஸ் வாங்கச் சொல்வது எந்த நூலானாலும், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டுச் சொல்கிறதா என்று பாருங்கள். பிறகு அன்றைய விலையை ஜே.ஆர். இணையதளத்தில் சரிபார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, பெட்டி. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்த்து 160 செ.மீ.க்கு மேல் போகும் பெட்டியோடு டோக்கியோ–ஹிரோஷிமா வழியில் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஏறுவதானால், பெட்டி வைக்க இடமுள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். இந்த விதி 2020 மே மாதம் வந்தது. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பதிவு செய்யாமல் ஏறினால்தான் 1,000 யென் வசூலிப்பார்கள். நம் குடும்பங்கள் கொண்டுபோகும் பெரிய பெட்டிகள் பலவும் இந்த அளவைத் தாண்டும். 2019 நூலில் இதைப் பற்றி ஒரு வரி இருக்க வழியில்லை. கியோட்டோவின் ஒரு நாள் பேருந்துச் சீட்டை அந்தக் கால நூல்கள் விழுந்து விழுந்து பரிந்துரைக்கும். அதன் விற்பனை 2023-லேயே நின்றுவிட்டது. பேருந்தும் சுரங்க ரயிலும் சேர்ந்த 1,100 யென் சீட்டுதான் இப்போது உண்டு. ஓகினாவாவின் ஷுரி கோட்டை அந்த நூலில் முழுசாக நின்றுகொண்டிருக்கும். அது 2019 அக்டோபர் 31 அன்று எரிந்துபோனது.

ஆகவே புதிது வாங்குங்கள். வாங்கும்போது அட்டையில் உள்ள ஆண்டைப் பார்க்காதீர்கள், உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். மறு அச்சு வேறு, புதிய பதிப்பு வேறு. எத்தனையாவது பதிப்பு, எந்த மாதம் வந்தது, இந்தப் பதிப்பைப் புதுப்பித்தவர்கள் யார், அவரவர் எந்தப் பகுதிக்குப் பொறுப்பு என்ற விவரம் அங்கோ கடைசிப் பக்கங்களிலோ இருக்க வேண்டும். விவரம் சேகரித்து, திருத்தி, வரைபடம் போட்டு, அச்சாகிக் கடைக்கு வருவதற்குள் எளிதில் ஒரு வருஷம் ஓடிவிடும். நல்ல பதிப்பகங்களே இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் புதிய பதிப்பு போடுகின்றன. அதனால் கடையில் புத்தம்புதிதாக இருக்கும் நூலின் கட்டணங்களையும் குறைந்தது ஓராண்டுப் பழசு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நூலாசிரியர் நேரில் போனாரா, வீட்டிலிருந்தே இணையத்தைப் பார்த்து எழுதினாரா என்று ஜப்பானையே பார்க்காத நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு நல்ல வழி இருக்கிறது. அதே பதிப்பகத்தின் இந்தியா நூலையோ தென்னிந்தியா நூலையோ எடுத்து மதுரைப் பக்கத்தைப் படியுங்கள். மீனாட்சி கோயில் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கும் என்று சொல்லியிருக்கிறதா? கைபேசியை உள்ளே கொண்டுபோக முடியாது என்று? இரவில் சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருள்வதைப் பார்க்க எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று? திருநெல்வேலிப் பேருந்து மாட்டுத்தாவணியிலிருந்தும் கோயம்புத்தூர்ப் பேருந்து ஆரப்பாளையத்திலிருந்தும் கிளம்பும் என்பதைப் பிரித்துச் சொல்கிறதா? இந்த நான்கும் சரியாக இருந்தால், எழுதியவர் கால்கடுக்க நடந்திருக்கிறார். ‘வண்ணமயமான கோபுரங்கள், மல்லிகை மணக்கும் தெருக்கள்’ என்று இரண்டு பத்தி ஓடி, நடை சாத்தும் நேரம் இல்லாமல் போனால், அதே பதிப்பகத்தின் கியோட்டோ பக்கத்திலும் அதே குறை இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியா நூலும் ஜப்பான் நூலும் வேறு வேறு ஆட்கள் எழுதுவதுதான். ஆனால் எதைக் கேட்டு வரச் சொல்வது, எதை விட்டுவிட அனுமதிப்பது என்று முடிவு செய்யும் ஆசிரியர் குழுவின் கண்டிப்பு நூலுக்கு நூல் பெரிதாக மாறுவதில்லை. திருநெல்வேலியில் நூல் கைக்குக் கிடைக்காவிட்டால், இணையக் கடைகள் காட்டும் மாதிரிப் பக்கங்களில் இந்தச் சோதனையைச் செய்யலாம்.

அடுத்தது, ஆங்கில வழிகாட்டி நூல்கள் உங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வாசகருக்காக எழுதப்பட்டவை. ‘90 நாள் வரை விசா தேவையில்லை’ என்ற வரி அவர்களுக்குப் பொருந்தும். சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ள தமிழருக்கும் பொருந்தும். இந்திய பாஸ்போர்ட்டுக்குப் பொருந்தாது, முன்கூட்டியே விசா எடுத்தாக வேண்டும். மின்செருகியிலும் இதே கதைதான். ஜப்பானில் 100 வோல்ட், தட்டையான இரண்டு முள். அமெரிக்கருக்குச் செருகி அப்படியே பொருந்துவதால் சில நூல்கள் அதை ஒரு வரியில் முடித்துவிடும். நம் உருண்டை முள் செருகி நுழையாது. மாற்றுச் செருகி (அடாப்டர்) எடுத்துப் போக வேண்டும். இப்படிப்பட்ட பக்கங்களை ‘இது யாருக்குச் சொல்லப்பட்டது’ என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

சாப்பாட்டு அத்தியாயத்தைத்தான் நீங்கள் கடுமையாகச் சோதிக்க வேண்டும். ஜப்பானியச் சமையலின் அடிப்படை தாஷி என்ற சாறு. கடற்பாசியிலும் காளானிலும்கூட அதைச் செய்வார்கள் என்றாலும், பெரும்பாலான கடைகளில் புகையூட்டிக் காயவைத்த சூரை மீனைச் சீவிப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். நம் மாசிக் கருவாடு மாதிரியான பொருள். சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பில் அது இருக்கும், உடோன் நூடுல்ஸின் குழம்பில் இருக்கும், நம் பஜ்ஜி மாதிரியான காய்கறி டெம்புராவோடு வரும் தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் இருக்கும். ‘டோஃபு, நூடுல்ஸ், காய்கறி டெம்புரா என்று சைவர்களுக்குக் குறையில்லை’ என்று எழுதியிருக்கும் நூலைக் கீழே வைத்துவிடுங்கள். தாஷியைப் பெயர் சொல்லி எச்சரித்து, மீன் சாறு இல்லாமல் சமைக்கும் புத்த மடத்து உணவான ஷோஜின் ரியோரி கியோட்டோவில் எங்கே கிடைக்கும் என்று காட்டி, ‘மீன், இறைச்சி, மீன் சாறு எதுவும் சாப்பிடமாட்டோம்’ என்ற வாக்கியத்தை ஜப்பானிய எழுத்திலேயே அச்சடித்துத் தரும் நூல்தான் உங்களுக்கு வேண்டியது.

ஜப்பானிய எழுத்து சாப்பாட்டுக்கு மட்டும் தேவைப்படுவதில்லை. அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது, முகவரி என்பது வட்டார எண்ணும் கட்டட எண்ணும்தான். டாக்சி ஓட்டுநரிடம் காட்ட, பெயர்ப்பலகையோடு ஒப்பிட, ஒவ்வோர் இடத்தின் பெயரும் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் ஜப்பானிய எழுத்தில் இருக்க வேண்டும். பக்கத்தைக் குறைக்க இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். ரயில் நிலையத்தின் எந்த வாயில் என்பதும் இருக்க வேண்டும். ஷின்ஜுகு நிலையத்துக்கு வாயில்கள் இருநூறுக்கு மேல். ‘ஷின்ஜுகு நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை’ என்பதை வைத்து எந்த இடத்துக்கும் போய்ச் சேர முடியாது. வரைபடத்தில் அளவுகோல் இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள்.

மருந்து பற்றியும் தேடுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டுபோக முன் அனுமதிச் சான்று வேண்டும். சூடோஎபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைக்கு ஜப்பானில் தடை. நம் மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மாத்திரைகளிலும் அது உண்டு. இதைச் சொல்லாத நூல் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஆகாது.

இனி பெயர்கள். உங்கள் பயணம் ரயிலிலும் பேருந்திலும். ஆகவே போக்குவரத்து விவரங்களில் கவனம் செலுத்தும் லோன்லி பிளானட், ரஃப் கைடு நூல்கள் இரண்டையும் மேலே சொன்ன சோதனைகளில் நிறுத்தி, தேறுவதை வாங்குங்கள். டி.கே. ஐவிட்னஸ் நூல்களில் படங்களும் கட்டடங்களை உள்ளே திறந்து காட்டும் ஓவியங்களும் அருமை. பிள்ளைகளுக்கு அதைக் காட்டி எங்கே போகலாம் என்று கேட்கலாம். எந்தப் பேருந்தில் ஏறுவது என்பதற்கு அது உதவாது. மிஷலின் பச்சை வழிகாட்டி பார்க்கும் இடங்களுக்கு நட்சத்திரம் போட்டுத் தரம் பிரிப்பது. நாள் குறைவாக இருப்பவர்களுக்கு நல்லது. மூன்று ஊருக்கு முழு ஜப்பான் நூல் தேவையா என்றும் யோசியுங்கள். நூற்றுக்கணக்கான பக்கங்களில் நீங்கள் போகாத ஹொக்கைடோவையும் கியூஷுவையும் சும்மா சுமக்க வேண்டியிருக்கும். மின்னூலாக வாங்கினால் சுமை இல்லை. ஆனால் வரைபடங்கள் கைபேசியில் படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும்; திட்டமிடும் வேலைக்குக் காகிதம்தான் வசதி.

ஓட்டல் பட்டியலுக்காக எந்த நூலையும் வாங்காதீர்கள், அதை இணையம் நன்றாகச் செய்கிறது. எந்தப் பேட்டையில் தங்கினால் அலைச்சல் குறையும் என்று சொல்கிறதா என்பதே முக்கியம்.

விலை குறைவு என்று பெயர் தெரியாத நூலுக்கு ஏமாறாதீர்கள். செயற்கை நுண்ணறிவு எழுதித் தள்ளிய போலி வழிகாட்டிகள் இணையக் கடையில் குவிந்திருப்பதை 2023-இல் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. அட்டையில் அடுத்த ஆண்டின் எண், ஒரே மாதத்தில் பத்து நாடுகளுக்கு நூல் போட்ட ஆசிரியர், வரைபடமும் பொருளடைவும் இல்லாமை, ஒரே மாதிரிச் சொற்களில் ஐந்து நட்சத்திர மதிப்புரைகள்: இவைதான் அடையாளம். அவற்றில் எல்லா இடமும் ‘தவறவிடக் கூடாத’ இடமாக இருக்கும். பொறுப்புள்ள நூல் எங்காவது ‘இதற்காக அரை நாளை வீணாக்காதே’ என்று எழுதியிருக்கும். அந்தத் துணிச்சலுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

ஏ.கே. செட்டியார் காலத்திலிருந்தே தமிழில் நல்ல பயண எழுத்து உண்டு. ஆனால் நம் பாஸ்போர்ட்டையும் நம் சாப்பாட்டையும் நம் பட்ஜெட்டையும் கணக்கில் கொண்டு, இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வழிகாட்டி நூல் தொடர் தமிழுக்கு அவசியம் வேண்டும். இத்தனை குடும்பங்கள் வெளிநாடு போகும் காலத்தில் அதை எந்தப் பதிப்பகமாவது எடுத்துச் செய்யத்தான் வேண்டும்.

மகன் சொல்வதிலும் பாதி சரி. போன பிறகு எந்த நடைமேடை, அடுத்த வண்டி எப்போது என்பதற்குக் கைபேசிதான். ஆனால் யூடியூபில் அவன் தேடுவதுதான் கிடைக்கும். தேடத் தோன்றாததை நூல்தான் சொல்லும். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அந்தத் திங்கள் அரசு விடுமுறையானால் மறுநாள் மூடியிருக்கும் என்பது அப்படி ஒன்று. ஏப்ரல் 29 தொடங்கி மே முதல் வாரம் வரை கோல்டன் வீக் விடுமுறைகள், ரயிலும் விடுதியும் நிரம்பி வழியும் என்பது இன்னொன்று. உங்கள் பத்து நாள் அதற்கு முன்னால் முடிகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். டோக்கியோவை அடுத்த மிட்டாகாவிலுள்ள, அனிமேஷன் படங்களுக்குப் பெயர்போன ஜிப்லி நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கு வாசலில் சீட்டே கிடையாது, முன்பதிவு மட்டும்தான். ஏப்ரலுக்கான சீட்டு மார்ச் 10 அன்று ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு, அதாவது நம் நேரம் 6.30-க்கு, விற்பனைக்கு வரும். அந்த வேலையை மகனிடமே விட்டுவிடுங்கள்.