அரசைக் கேட்காமல் யாரைக் கேட்பது?

உயிரினங்களின் அழிவு, அதைத் தடுப்பதில் அரசுகளின் பொறுப்பு ஆகியவை குறித்து வந்த வாசகர் கடிதங்களுக்கு, வௌவால்களை ஆராய்ந்துவரும் உயிரியலாளர் தரும் பதில்கள்.

கேள்வி: உயிரினங்கள் தோன்றுவதும் மறைவதும் இயற்கைதானே? டைனோசர் காலத்தில் எந்த அரசு இருந்தது? இப்போது மட்டும் அரசு ஏன் தலையிட வேண்டும்?

பதில்: மறைவது இயற்கை என்பதில் எனக்கும் சண்டை இல்லை. வேகம்தான் பிரச்சினை. கடந்த ஒரு கோடி ஆண்டுகளின் சராசரியைவிட இன்றைய அழிவு வேகம் பல பத்து மடங்கிலிருந்து பல நூறு மடங்குவரை அதிகம் என்று பல்லுயிர் பற்றிய சர்வதேச அறிவியல் குழு 2019இல் அறிக்கை தந்தது. சுமார் 10 லட்சம் இனங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாகவும் அதே அறிக்கை சொல்கிறது. காட்டையும் கடலையும் மாற்றியது, அளவுக்கு மீறிப் பிடித்தது, பருவநிலை மாற்றம், மாசு, வெளியிலிருந்து வந்து பரவும் இனங்கள் ஆகிய ஐந்தும்தான் முக்கியக் காரணங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றின் பின்னால் யாரோ கையெழுத்திட்ட ஓர் உரிமமோ, மானியமோ, அனுமதியோ இருக்கும். அரசு ஏற்கெனவே தலையிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எந்தப் பக்கம் நின்று தலையிடுகிறது என்பதே என் கேள்வி.

கேள்வி: எல்லா நாட்டிலும் வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. பிறகும் ஏன் அழிகின்றன?

பதில்: பல நேரங்களில் சட்டம் வந்து சேரும்போது காப்பாற்ற ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியத் தீவில் வாழ்ந்த, தாஸ்மேனியப் புலி என்று அழைக்கப்பட்ட தைலசினை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகில் வரிகள் கொண்ட, வயிற்றில் பை உள்ள வேட்டை விலங்கு. ஆடுகளைத் தின்கிறது என்று சொல்லி, தாஸ்மேனிய அரசே 1888 முதல் 1909 வரை, கொன்று கொண்டுவரும் ஒவ்வொரு விலங்குக்கும் வெகுமதி கொடுத்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முறை அந்தப் பணம் பட்டுவாடா ஆனது. முழுப் பாதுகாப்பு கிடைத்தது 1936 ஜூலை 10 அன்று. கடைசியாக அறியப்பட்ட தைலசின் ஹோபார்ட் விலங்குக் காட்சியகத்தில் செத்தது அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று. இடையில் இரண்டு மாதம்கூட இல்லை.

அது பழைய காலம், அறிவியல் வளராத காலம் என்று நினைப்பவர்களுக்கு, என் துறையிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். இந்தியப் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவின் ஆட்சியில் இருக்கும் கிறிஸ்துமஸ் தீவில் ஒரு சின்ன வௌவால் இருந்தது. எடை மூன்று நான்கு கிராம்தான். அதன் குரல் மனிதக் காதுக்கு எட்டாது. கையடக்கக் கருவி ஒன்று அந்த மீயொலியை நமக்குக் கேட்கும் சடசடப்பாக மாற்றித் தரும். பூச்சியை நெருங்க நெருங்கச் சடசடப்பு நெருக்கமாகி, பிடிக்கும் கணத்தில் ஒரே இரைச்சலாகும். அப்படிக் கேட்டுத்தான் நாங்கள் கணக்கெடுக்கிறோம். 1980களில் அந்தத் தீவில் இந்த வௌவால் சாதாரணமாகத் தென்பட்டது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு சடசடப்பு குறைந்தது. 2009 தொடக்கத்தில், மிஞ்சியவற்றை உடனே பிடித்துக் கூண்டில் இனப்பெருக்கம் செய்ய விடுங்கள் என்று ஆய்வாளர்கள் அரசை மன்றாடினார்கள். அரசு ஒரு நிபுணர் குழு அமைத்தது. அனுமதி ஜூலையில் வந்தது. ஆகஸ்டில் வௌவால்களைப் பிடிக்கப் போன குழு தீவில் இறங்கியபோது ஒரே ஒரு வௌவாலின் குரல்தான் பதிவானது. வலைக்கு அது சிக்கவில்லை. ஆகஸ்ட் 26 இரவுக்குப் பிறகு அந்தக் குரலும் இல்லை.

அங்கே அறிவியல் இருந்தது, சட்டம் இருந்தது, பணக்கார அரசும் இருந்தது. ஜனவரியில் எடுக்க வேண்டிய முடிவு ஜூலையில் எடுக்கப்பட்டது. இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: மூன்று கிராம் வௌவால் போனால் எனக்கு என்ன நஷ்டம்?

பதில்: வட அமெரிக்காவில் 2006 முதல் பரவிய ஒரு பூஞ்சை நோய் பூச்சி தின்னும் வௌவால்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. வௌவால்கள் குறைந்த மாவட்டங்களில் விவசாயிகள் பூச்சிக்கொல்லியைச் சுமார் 31 சதவீதம் கூடுதலாகத் தெளித்தார்கள் என்றும், அங்கே பச்சிளம் குழந்தை மரணம் ஏறக்குறைய 8 சதவீதம் கூடியது என்றும் 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. நஷ்டக் கணக்கு கேட்டதால் இதைச் சொன்னேன். கணக்கு இல்லாவிட்டாலும் அந்த உயிருக்கு வாழ உரிமை உண்டு என்றே நான் நம்புகிறேன்.

கேள்வி: அரசு ஆணை ஒன்றால் உண்மையிலேயே ஓர் இனம் பிழைத்திருக்கிறதா?

பதில்: பிழைத்திருக்கிறது. தெற்காசியாவில் பாறு கழுகுகள் 1990களில் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே 95 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. கால்நடைக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணி, செத்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது என்பது 2004இல் நிரூபணமானது. இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தன. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து பாதுகாப்பானது என்பதும் அப்போதே தெரிந்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் குறுக்குவழி தொடர்ந்ததால், 2015இல் இந்தியா குப்பியின் அளவையே 3 மில்லிக்குச் சுருக்கியது. கழுகுகள் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. ஆனால் சரிவின் வேகம் தணிந்தது.

கழுகைக் காப்பாற்றுங்கள் என்று பொதுவாகக் கேட்டிருந்தால் சுவரொட்டிகள் கிடைத்திருக்கும். இந்த மருந்தை நிறுத்துங்கள், இந்தக் குப்பியைச் சுருக்குங்கள் என்று கேட்டதால் ஆணை கிடைத்தது.

கேள்வி: மீனவர் பிழைப்பா, டால்பினா என்று வந்தால் நீங்கள் யார் பக்கம்?

பதில்: அந்த இரண்டில் ஒன்றை எடு என்று மீனவரை நிறுத்துவதே அரசின் தோல்வி. மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் வாழும், டால்பினின் உறவான வாக்கிட்டா என்ற சிறு கடற்பன்றி, வேறொரு மீனுக்கு விரித்த செவுள்வலையில் சிக்கி மூச்சுத் திணறிச் சாகிறது. இன்று சுமார் பத்துதான் மிஞ்சியிருக்கின்றன. வலைக்குத் தடை உண்டு. வலையைக் கைவிடுபவருக்கு மாற்று வலையும், அது பழகும்வரை வருமானமும் தடையோடு சேர்ந்தே வர வேண்டும். அது வராத இடத்தில் தடை தாளில்தான் இருக்கும்.

கேள்வி: சர்வதேச ஒப்பந்தங்களால் பயன் உண்டா?

பதில்: 2010இல் ஜப்பானில் பல்லுயிரைக் காக்க நாடுகள் 20 இலக்குகள் வைத்தன. கெடு முடிந்த 2020இல் ஒன்றுகூட முழுமையாக எட்டப்படவில்லை. 2022 டிசம்பரில் கனடாவின் மாண்ட்ரியலில் புதிதாக 23 இலக்குகளை ஏற்றன. 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: இயற்கையைக் கெடுக்கும் மானியங்களை 2030க்குள் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 கோடி டாலர் குறைப்பது. காட்டை அழிக்கக் கொடுக்கும் பணத்தை நிறுத்தாமல் காட்டைக் காக்க எவ்வளவு கொடுத்தாலும் போதாது. ஒப்பந்தத்தைக் காட்டி நம் அரசைக் கேள்வி கேட்க முடியும். அந்த அளவுக்கு அது பயன்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. மனு எழுத ஆசை. என்ன எழுதுவது?

பதில்: முதலில் உங்கள் நாட்டின் தேசியப் பல்லுயிர்ச் செயல்திட்டத்தைத் தேடிப் படியுங்கள். மாண்ட்ரியல் முடிவின்படி புதுப்பித்த திட்டத்தை 2024 அக்டோபர் மாநாட்டுக்குள் தந்திருக்க வேண்டும். பெரும்பாலான நாடுகள் அந்தக் கெடுவைத் தவறவிட்டன. உங்கள் நாடு தந்ததா என்று பாருங்கள். பிறகு ஒரே ஓர் இனத்தை, அதன் ஒரே ஒரு வாழிடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பொறுப்பான அதிகாரி யார், இந்த ஆண்டு நிதி எவ்வளவு, எண்ணிக்கை எவ்வளவு சரிந்தால் அவசர நடவடிக்கை தொடங்கும், அந்த முடிவை எத்தனை நாளில் எடுப்பார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவதைவிட, பத்துப் பேரும் தனித்தனியாக எழுதி அனுப்புவது நல்லது. நகலை உங்கள் தொகுதியின் மக்கள் பிரதிநிதிக்கும் சேர்த்து அனுப்பி, பதில் வராத ஒவ்வொரு மாதமும் முந்தைய மனுவின் தேதியைக் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள்.