வீலும் டயரும் மாத்தணுமா? சேலம் வாசகர்களுக்குக் கேள்வி பதில்

கேட்கிறவங்க வண்டி பேரை மட்டும் எழுதினா என்னால பதில் சொல்ல முடியாது. டிரைவர் கதவைத் திறந்தா உள்பக்கம் ஸ்டிக்கர் இருக்கும், அதுல இருக்கிற டயர் அளவு வேணும். வாங்க நினைக்கிற வீலோட பின்பக்கம் வார்த்திருக்கிற ஜே எண்ணும் ஈடி எண்ணும் வேணும். ஜேன்னா ரிம்மோட அகலம், இஞ்சுல. ஈடின்னா ஆஃப்செட், அதாவது வீலோட நடுக்கோட்டுக்கும் அது வண்டியில பொருந்துற முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ.ல.

அஸ்தம்பட்டி வாசகர்: அண்ணா, ஸ்விஃப்ட்ல இப்ப 185/65 ஆர்15 இருக்கு. 16 இஞ்ச் அலாய் போடலாம்னு இருக்கேன். கடைக்காரர் 205/55 போடுங்கங்கிறார். சரியா?

வேண்டாம் தம்பி. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க. 185-ங்கிறது டயரோட அகலம், மி.மீ.ல. அதுல 65 சதவீதம் 120.25 மி.மீ., அது டயரோட பக்கச்சுவர் உயரம். மேலயும் கீழயும் சேர்த்து 240.5. ரிம் 15 இஞ்ச், அதாவது 381 மி.மீ. மொத்த விட்டம் 621.5.

16 இஞ்ச் ரிம் 406.4 மி.மீ. அதுல 195/55 போட்டா 620.9 வரும். பழைய விட்டத்துக்கும் இதுக்கும் ஒரு மி.மீ. கூட வித்தியாசம் இல்ல. 205/55 போட்டா 631.9. விட்டம் 1.7 சதவீதம் தான் கூடுது, ஸ்பீடோமீட்டருக்கு அது பெரிய விஷயமில்ல. சிக்கல் அகலத்துல. டயர் 20 மி.மீ. அகலமாகுது, அதுல பாதி உள்பக்கம் ஷாக் அப்சார்பரைப் பார்த்துப் போகும். தெருவுல ஓட்டிப் பார்க்கும்போது எங்கயும் உரசாது. அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு ஏற்காட்டு மலைப்பாதையில போங்க. கொண்டை ஊசி வளைவு இருபது இருக்கு. ஸ்டீயரிங் முழுசா திரும்பி, சஸ்பென்ஷன் அமுங்கி, ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கிற இடம் அது. வீல் ஆர்ச் உள்ள இருக்கிற பிளாஸ்டிக் லைனர்ல டயர் தேய்க்க ஆரம்பிக்கும்.

195/50 ஆர்16 விலை குறைவுன்னு காட்டினாலும் எடுக்காதீங்க. அது 601.4, மூணு சதவீதத்துக்கு மேல சின்னது. வண்டி இறங்கிடும், பக்கச்சுவரும் குட்டையாகி ஒரு குழியில ரிம் வளைஞ்சிடும்.

லோடு இண்டெக்ஸையும் பாருங்க. உங்க டயர்ல 88 இருக்கும், ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 195/55 ஆர்16 சாதாரணமா 87-ல வரும், அது 545 கிலோ. ஸ்டிக்கர்ல இருக்கிறதை விடக் கீழ போகக்கூடாதுங்கிறது என் முடிவு. 91 போட்ட எக்ஸ்ட்ரா லோடு டயரா கேட்டு வாங்குங்க.

ஓமலூர் வாசகர்: இப்ப இருக்கிறது 6ஜே, ஈடி 45. பார்த்து வச்சிருக்கிற வீல் 7ஜே, ஈடி 35. வெளிய எவ்வளவு துருத்தும் சார்?

இப்படித்தான் கேட்கணும். வீல் ஒரு இஞ்ச் அகலமாகுது, அதாவது 25.4 மி.மீ., பக்கத்துக்கு 12.7. ஆஃப்செட் 10 குறையுறதால முழு வீலும் 10 மி.மீ. வெளிய நகருது. ஆக வெளிப்பக்கம் 22.7 மி.மீ. துருத்தும், உள்பக்கம் 2.7 மட்டும் நெருங்கும். சின்ன கார்ல கிட்டத்தட்ட 23 மி.மீ.ங்கிறது ஃபெண்டர் விளிம்பைத் தாண்டுற அளவு. பின்சீட்டுல ஆள் உட்கார்ந்ததும் விளிம்பு டயரை அறுக்கும். வீல் பேரிங் மேல விழற நெம்பு விசையும் கூடும். 6.5ஜே, ஈடி 42 பக்கத்துல தேடுங்க. வெளிப்பக்கம் 9.4 மி.மீ. தான் வரும்.

கொண்டலாம்பட்டி வாசகர்: போல்ட் துளை பொருந்துது, நடு ஓட்டை மட்டும் பெரிசா இருக்கு.

வீலோட நடு ஓட்டை 73.1 மி.மீ., அது உட்காருற உங்க வண்டியோட ஹப் 54.1 மி.மீ. இருந்தா, 73.1-54.1 ஹப் ரிங் நாலு வாங்கிப் போடுங்க. போடலைன்னா வீல் மையத்துல உட்காராது, 80-க்கு மேல ஸ்டீயரிங் அதிரும். பேலன்சிங் எத்தனை தடவை செஞ்சாலும் அந்த அதிர்வு போகாது.

சூரமங்கலம் வாசகர்: ஸ்பேசர் போட்டு வெளிய தள்ளலாமா?

கூடாது. வாஷர் மாதிரி இருக்கிற ஸ்பேசரைப் போட்டா நட் பிடிக்கிற மரை குறைஞ்சிடும். எம்12 1.25 மரைன்னா, அதாவது 12 மி.மீ. போல்ட்டுல ஒரு சுத்துக்கு 1.25 மி.மீ. ஏறுற மரைன்னா, நட் பத்து சுத்தாவது ஏறணும், 1.5 மரைன்னா எட்டு சுத்து. எண்ணிப் பாருங்க. குறைஞ்சா வீல் கழண்டு ஓடும்.

ஏற்காடு, எஸ்டேட் வாசகர்: பொலிரோல 215/75 ஆர்15. எஸ்டேட் ரோட்டுல அடி தட்டுது, 235/75 போட்டா உயரும்ல?

உயரும். 703.5-லிருந்து 733.5 ஆகுது, அதுல பாதி, 15 மி.மீ. உயரம் கிடைக்கும். ஆனா விட்டம் 4.3 சதவீதம் கூடுது. இறக்கத்துல ரெண்டாவது கியர்ல இஞ்சின் பிடிக்கிற பிடி அந்த அளவுக்குத் தளரும். பிரேக்கும் அப்படித்தான், அதே மிதிக்கு டயர் தரையில கொடுக்கிற விசை நாலு சதவீதம் குறையும். மலையை விட்டு இறங்குற வண்டிக்கு ரெண்டு இழப்பும் ஒரே இடத்துல வருது.

நாகலூர் வாசகர்: நாலு சதவீதம் ஓட்டுறவனுக்குத் தெரியவே தெரியாதுங்க. பெரிய டயர்தான் சேத்துல ஏறும்.

ஒரு தடவை மிதிக்கும்போது தெரியாதுங்க. மூட்டை ஏத்திக்கிட்டு அடிவாரம் வரைக்கும் மிதிச்சுக்கிட்டே வரும்போது இஞ்சின் பிடிக்காம விட்டது பிரேக்குல சூடா சேரும். சேத்துல ஏறுறது விட்டத்தால இல்ல, டயரோட பட்டன் அமைப்பால. அதே 215/75-ல ஏ/டி டயர், அதாவது தார் ரோட்டுக்கும் மண் ரோட்டுக்கும் சேர்த்துச் செஞ்ச ஆல் டெரெய்ன் டயர் போடுங்க.

நாகலூர் வாசகர்: அப்ப அடி தட்டுறதுக்கு என்ன வழி?

பின்னால லீஃப் ஸ்பிரிங் தொய்ஞ்சிருக்கான்னு முதல்ல பாருங்க. சுமை ஏத்துற வண்டியில பட்டை படுத்துப்போனா 15 மி.மீ.க்கு மேலயே உயரம் போயிடும்.

வாழப்பாடி வாசகர்: நான் காத்தைக் குறைச்சு ஓட்டுறேன், நல்லா பிடிக்குது.

சேத்துல மட்டும்னா சரி. தார் ரோடு வந்ததும் திரும்ப அடைச்சாகணும். குறைஞ்ச காத்தோட வளைவுல திருப்பினா பக்கச்சுவர் மடிஞ்சு சூடாகும், டயர் ரிம்மை விட்டே விலகலாம்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: ஐ20-க்கு 17 போடலாமா?

டயர் அளவு எழுதலை. ஜே எழுதலை. ஈடி எழுதலை. முதல் பதில்ல இருக்கிற கணக்கைப் போட்டுட்டு வாங்க.

ஆத்தூர் வாசகர்: புன்டோ 4x98. கடையில 4x100 வீலை இறுக்கினா உட்கார்ந்துடும்ங்கிறாங்க.

4x98-ன்னா நாலு போல்ட், அதுங்க நிக்கிற வட்டத்தோட விட்டம் 98 மி.மீ. 4x100 வீல் உட்கார்ந்த மாதிரி தெரியும். ஒவ்வொரு துளையும் 1 மி.மீ. தள்ளி இருக்கு, போல்ட் சாய்ஞ்சுதான் இறுகும். போல்ட் தலைக்குக் கீழ இருக்கிற கூம்பு முழுசா படியாது, ஓட ஓடத் தளரும். அந்தக் கடையில வாங்காதீங்க.

மேட்டூர் வாசகர்: ரெண்டு டயர் மட்டும் புதுசு. முன்னாலயா, பின்னாலயா?

பின்னால. ஈர ரோட்டுல பின்பக்கம் வழுக்கினா வண்டி சுத்திடும்.

குகை வாசகர்: ஆர்டிஓவுல பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படிங்க, வண்டியில மாத்தம் செய்றதைப் பத்தின பிரிவு அது. உங்க மாடலோட மேல் வேரியண்ட்டுக்குக் கம்பெனியே கொடுக்கிற அளவுக்குள்ள நின்னுக்கங்க. இன்சூரன்ஸ்காரங்களுக்கு எழுத்துல சொல்லிடுங்க.

அயோத்தியாப்பட்டணம் வாசகர்: காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

டயர் ஏத்தாம வெறும் வீலை முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு மாட்டச் சொல்லுங்க. பிரேக் காலிபருக்கும் ஸ்போக்குக்கும் நடுவுல 3 மி.மீ. இடைவெளியாவது இருக்கணும். பிறகு டயரோட ஒரு ஜோடி முன்னால மாட்டி, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிங்க. நாலு பேரை உட்கார வச்சு இன்னொரு தடவை ஒடிங்க. ஸ்ட்ரட்டுக்கும், அதாவது முன்பக்க ஷாக் அப்சார்பர் தூணுக்கும், டயருக்கும் நடுவுல விரல் நுழையணும். டயர் பக்கத்துல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 1425-ன்னா 2025-ல 14-வது வாரம். நட்டோட கூம்பு அலாயோட இருக்கைக்குப் பொருந்துதான்னு பாருங்க, பழைய ஸ்டீல் வீல் நட்டு பல அலாய்க்குச் சேராது. நியூமாட்டிக் கன்னால அடிச்சு விடாம, டார்க் ரெஞ்சுல கையேட்டு அளவுக்கு இறுக்கச் சொல்லுங்க. 100 கி.மீ. ஓடினதும் வண்டியை நிறுத்தி, வீல் ஆறினதும் எல்லா நட்டோட இறுக்கத்தையும் டார்க் ரெஞ்சுல திரும்ப ஒரு தடவை பார்த்துடுங்க.